தேசியப் பூங்கா ஸ்டாம்ப் தேடி பைக்கில் சுற்றியவர்களே, மனசை விட்டுப் போகாத ஒரு சந்திப்பைச் சொல்லுங்கள்

முள்ளுக்காட்டான்

நீலப் புத்தகம், அதாவது போகிற பூங்காவின் பெயரும் தேதியும் ஸ்டாம்பாகக் குத்திக்கொள்ளும் பாஸ்போர்ட், என்னவென்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கலிஃபோர்னியாவில் 395 நெடுஞ்சாலையில் தெற்கே வந்துகொண்டிருந்தேன். இருட்டுவதற்குள் டெத் வேலி பாலைவனப் பூங்காவுக்குப் போய்ச் சேர வேண்டும். வழியில் மன்சனார். ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களை 1942 முதல் 1945 வரை அடைத்து வைத்திருந்த முகாம். ஸ்டாம்பைக் குத்திவிட்டுக் கிளம்பிவிடலாம் என்றுதான் இறங்கினேன்.

விசிட்டர் சென்டர் இருக்கும் கட்டடமே முகாமில் இருந்தவர்கள் 1944-இல் கட்டிய பள்ளி அரங்கம். உள்ளே பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்களை அச்சிட்டு உயரமாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அதன் முன்னால் ஒரு பாட்டியும் பேரனும். மேல் வரிகள் கண்ணுக்கு எட்டவில்லை போல, பையன் போன் கேமராவைப் பெரிதாக்கி ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டிருந்தான். நான் 'டொக்' என்று குத்திய சத்தத்தில் பாட்டி திரும்பினார். புத்தகத்தைக் காட்டச் சொன்னார். ஊர்ப் பெயரையும் தேதியையும் நிதானமாகப் படித்துவிட்டு, "வந்த தேதிதானா? போகிற தேதிக்கு ஸ்டாம்ப் இல்லையா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றுவரை பிடிபடவில்லை. டெத் வேலிக்கு அன்றைக்குப் போகவில்லை, பக்கத்து ஊரான லோன் பைனிலேயே அறை எடுத்துவிட்டேன்.

சூடுதாங்கி

டெத் வேலி பெயரை எடுத்ததால் சொல்கிறேன். ஃபர்னஸ் கிரீக் விசிட்டர் சென்டர் வாசலில் பெரிய வெப்பநிலைப் பலகை இருக்கிறதே, அதில் 118 ஃபாரன்ஹீட், அதாவது கிட்டத்தட்ட 48 செல்சியஸ். அதன் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்த ஒருத்தர், கையில்லாத பனியனோடு பைக்கில் வந்திருந்தார். ஜாக்கெட் போடுங்கள் என்றேன். "ஓட்டினால் காற்று வரும், சரியாகிவிடும்" என்று பேட்வாட்டர் உப்புச் சமவெளிப் பக்கம் திருப்பிக்கொண்டு போனார்.

காற்றே உடம்பைவிடச் சூடாக இருக்கும்போது ஓட்ட ஓட்ட உடம்பில் சூடுதான் ஏறும். ஹெல்மெட் வைசரைத் தூக்கினால் தோசைக்கல்லுக்கு மேல் முகத்தை நீட்டிய மாதிரி இருக்கும். 2024 ஜூலையில் அதே பேட்வாட்டர் அருகே பைக்கில் வந்த ஆறு பேரில் ஒருவர் வெப்பத்தால் இறந்துபோனார். அந்த வெயிலில் ஹெலிகாப்டர் பறக்க முடியவில்லை என்று செய்தி வந்தது. நான் பார்த்தது அதற்கு முந்தைய கோடையில். பனியன்காரர் ஊர் போய்ச் சேர்ந்தாரா என்று எனக்குத் தெரியாது. சாவியைப் பிடுங்கி வைத்திருக்கலாமோ என்று சில சமயம் தோன்றும். பிடுங்கியிருந்தால் அடி வாங்கியிருப்பேன், அது வேறு.

ஆயிரம்மைல்

முள்ளுக்காட்டான், கதை நன்றாக இருக்கிறது. ஆனால் குத்திவிட்டு ஓடுவது ஏதோ பாவம் என்கிற தொனி எனக்குச் சரிப்படவில்லை. நெடுந்தூர பைக் ஓட்டிகளின் சங்கமான அயர்ன் பட் அசோசியேஷனின் பூங்காச் சுற்றுக்கு ஒரே வருடத்துக்குள் குறைந்தது 25 மாநிலங்களில் 50 இடங்களின் ஸ்டாம்ப் வேண்டும். இரண்டு வார லீவில் எத்தனை அரங்கத்தில் நின்று எத்தனை பலகை படிக்க முடியும்? வாஷிங்டனில் லிங்கன், ஜெஃபர்சன் நினைவிடங்கள் என்று நடந்தே பக்கத்தை நிரப்புகிறவர்களை யாராவது ஏதாவது கேட்கிறீர்களா?

என் சந்திப்பு சின்னதுதான். ஸ்டர்ஜிஸ் பைக் திருவிழா வாரத்தில் டெவில்ஸ் டவர் பாறைக்குன்று. ஸ்டாம்ப் மேசையில் எனக்கு முன்னால் கழுத்துவரை பச்சை குத்திய ஒரு மாமிச மலை. குத்திய பக்கத்தை முகத்துக்கு நேரே பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, மை காய்கிறவரை ஊதிக்கொண்டே இருந்தார். பின்னால் நின்ற நாங்கள் ஒருத்தர்கூட வாயைத் திறக்கவில்லை.

கிளட்ச் மாமா

என்னுடையது அரிசோனாவின் 264-ஆம் எண் சாலை. டூபா சிட்டியில் கிளம்பி கனாடோவில் உள்ள ஹபல் டிரேடிங் போஸ்ட் என்கிற பழைய வணிகச் சாவடிக்குப் போகிற வழி, கோடைக்காலம். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் வழக்கம் இருக்கிறதே, அரிசோனா அப்படி மாற்றுவதில்லை, நவாஹோ பழங்குடியினரின் நவாஹோ நேஷன் மாற்றுகிறது, அதற்கு நடுவில் இருக்கும் ஹோபி பழங்குடியினரின் நிலம் மாற்றுவதில்லை. போன் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போய், பின்னே வந்து, மறுபடி முன்னே போனது. பெட்ரோல் போட்ட இடத்தில் ஒரு ஹோபிப் பெரியவரிடம் சரியான நேரம் என்ன என்று கேட்டேன். "யாருக்கு?" என்றார்.

சரி, புதிதாகப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். கடைசி ஒரு மணி நேரத்தை நம்பி எந்த ஸ்டாம்புக்கும் போகாதீர்கள். முதலில் துண்டுத்தாளில் குத்திப் பாருங்கள். தேதிச் சக்கரத்தைக் கையால் திருப்புவதுதான், முன்னால் வந்த குழந்தைகள் எதையாவது திருப்பி வைத்திருக்கும். பக்கங்களுக்கு நடுவே டிஷ்யூ வையுங்கள், இல்லாவிட்டால் யெல்லோஸ்டோன் ஸ்டாம்பின் மை போய் எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். புத்தகம் ஜிப் பையில், ஜிப் பை டேங்க் பையில். மழைக்கு அஞ்சினால் புத்தகத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வெள்ளைத்தாளில் குத்தி வந்து ஒட்டலாம். அது கௌரவக் குறைச்சல் என்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை. பூங்காச் சாலைகளில் நாட்செஸ் டிரேஸ் 444 மைல், சாலையின் மேல் ஒரு பெட்ரோல் பங்க்கூடக் கிடையாது, வெளியே இறங்கித்தான் போட வேண்டும். புளூ ரிட்ஜ் 469 மைல், அங்கேயும் அதே கதை. புளூ ரிட்ஜில் பெரும்பாலும் 45 மைல் வேகம்தான், ஆயிரம்மைல் போன்றவர்களுக்கு அது தண்டனை. அப்புறம் சூடுதாங்கி, 118-இல் காற்றுப் புகும் மெஷ் ஜாக்கெட்டும் உதவாது. உள்ளே நனைத்த பனியன் போட்டு, காற்றுத் துளைகளைப் பாதி மூடி ஓட்ட வேண்டும். வருகைச் சீசனில்…

சூடுதாங்கி

மாமா, நான் ஜாக்கெட் கேட்கவில்லை.

வாசுகி_மினசோட்டா

யெல்லோஸ்டோன், ஹேடன் பள்ளத்தாக்கு. காட்டெருமைக் கூட்டம் சாலையை மறித்து நிற்கிறது. 25 கெஜம் தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. ஆனால் முன்னும் பின்னும் கார், நான் எங்கே தள்ளிப் போவது? ஒரு காளை நேராக என் பைக்கிடம் வந்து கண்ணாடியை முகர்ந்து பார்த்தது. அதன் தலை என் ஹெல்மெட் உயரம். மூக்கிலிருந்து வந்த ஆவியில் கண்ணாடி மங்கிப்போனது. எஞ்சினை அணைப்பதா, ஓடவிடுவதா? சட்டென்று அணைத்தால் மிரளுமோ என்று கிளட்சைப் பிடித்தபடியே இருந்தேன், கை மரத்துவிட்டது. பின்னால் இருந்த கார்க்காரர் ஹார்ன் அடித்தார். நம்புவீர்களா, காட்டெருமைக்கு ஹார்ன்! காளை தலையைத் திருப்பி அந்தக் காரைப் பார்த்தது. அப்புறம் அதன் பம்பரை நோக்கி நடக்க ஆரம்பித்தது. நான் கிடைத்த இடைவெளியில் நழுவிவிட்டேன்.

கிளட்ச் மாமா, இதற்கு ஏதாவது யோசனை வைத்திருந்தால் சொல்லுங்கள். நான் நிஜமாகவே கேட்கிறேன்.