புதுப்பிப்பு: மனச்சோர்வைச் சபையில் எப்படிச் சொல்வது?

மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பதைச் சொன்னால் விசுவாசக் குறைவு என்பார்களோ என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

"முதலில் ஒருவரிடம் மட்டும் சொல்லுங்கள், என்ன உதவி வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்" என்ற யோசனைதான் பலித்தது. பாஸ்டரம்மாவிடம் சொன்னேன்: ஆராதனையில் பக்கத்தில் உட்காருங்கள், நான் வராவிட்டால் போன் செய்யுங்கள், அது போதும். இன்றுவரை அப்படியே செய்கிறார்.

எதிர்பாராதது, அப்புறம் பாஸ்டரே பைபிளில் 1 இராஜாக்கள் 19-ஐத் திறந்து காட்டியது. சாக விரும்பிய எலியா தீர்க்கதரிசியைத் தேவதூதன் கண்டிக்கவில்லை. எழுப்பிச் சாப்பிடச் சொன்னான், எலியா சாப்பிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார்.

ஒருவர் மட்டும் உபவாசம் போதும், மாத்திரையை விடு என்றார். நான் விடவில்லை. மருத்துவரைக் கேட்காமல் திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை வரலாம்.

இருளிலேயே முடியும் சங்கீதம் 88-ஐச் சொன்னவருக்குத் தனி நன்றி. ஜெபிக்க வார்த்தை வராத நாட்களில் அதையே வாசிக்கிறேன்.