ஜாவா: எழுத்து எண்ணேக்க "இன்டெக்ஸ் -13" எண்டு நிக்குது, உதவுங்கோ

உவர்மலை:
வணக்கம். ஒரு சொல்லில எந்த எழுத்து எத்தினை தரம் வருது எண்டு எண்ணிற புரோகிராம். 26 இடமுள்ள இன்ட் அரே (முழு எண் வரிசை) ஒண்டை கவுண்ட் எண்டு வச்சு, சொல்லின்ர எழுத்தை ஒவ்வொண்டா 'சி' எண்டு எடுக்கிற லூப்புக்குள்ள கவுண்ட்[சி - 'ஏ']++ போடுறன். நிலாவெளியை ஆங்கிலத்தில சின்ன எழுத்தில அடிச்சா சரியா வருது. டிரிங்கோமலியை முதலெழுத்துப் பெருசா அடிச்சா அரே இன்டெக்ஸ் அவுட் ஆஃப் பவுண்ட்ஸ் (அரேயில இல்லாத இட எண்), இன்டெக்ஸ் -13 எண்டு பிழை வருது. எங்கயிருந்து இந்த 13?

உப்புவெளி:
தம்பி, கம்பியூட்டரில ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் இருக்கு: பெரிய 'டி'யின்ர எண் 84, சின்ன 'ஏ' 97. கழிச்சுப் பாருங்கோ, அந்த -13 வரும். எண்ணுறதுக்கு முதல் டுலோவர்கேஸ் (எல்லாத்தையும் சின்ன எழுத்தாக்கிறது) போட்டா 'டி' 116 ஆகும், 19ஆம் இன்டெக்ஸில போய் இருக்கும். ஒண்டைக் கவனியுங்கோ: சொல்.டுலோவர்கேஸ்() எண்டு சும்மா எழுதினா ஒண்டும் மாறாது. ஜாவாவில ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்) மாறாது, புதுசு ஒண்டைத்தான் தரும். சொல் = சொல்.டுலோவர்கேஸ்() எண்டு திருப்பி வாங்கவேணும்.

இடைவெளி வந்தாலும் நிக்கும், அதின்ர எண் 32. சின்ன 'ஏ'யில இருந்து 'இசட்' வரைக்கும் உள்ளதை மட்டும் எண்ண ஒரு இஃப் (நிபந்தனை) கட்டாயம் வேணும்.

உவர்மலை:
வேலை செய்யுது அண்ணா, பெரிய உதவி. கடைசி 'ஈ' ரெண்டையும் சரியா எண்ணுது. ஆனா பிரிண்ட் பண்ணேக்க 'ஈ' வராமல் 101 எண்டு வருது.

உப்புவெளி:
'ஏ'யோட லூப்பின்ர எண் 'ஐ'யை 'ஏ' + ஐ எண்டு கூட்டினா விடை இன்ட், எழுத்தில்லை. கூட்டலை அடைப்புக்குள்ள போட்டு முன்னால (சார்) எண்டு காஸ்ட் பண்ணுங்கோ, எண் திரும்ப எழுத்தா மாறும்.

சாம்பல்தீவு:
ஊர்ப் பேரைத் தமிழிலயே குடுத்துப் பாருங்கோ தம்பி. 'த'வின்ர எண் 2980, அந்த இஃப் சத்தமில்லாமல் தள்ளிவிட்டிடும், எல்லாம் 0. யூனிகோடில (எல்லா மொழி எழுத்துக்கும் எண் குடுக்கிற முறை) தமிழுக்கு 2944இல இருந்து 128 இடம். அரேயை 128 ஆக்கி, 2944ஐக் கழிச்சு, இஃப்பையும் அதுக்கேற்ற மாதிரி மாத்துங்கோ. 'த' 36இல விழும்.

ஆனா லெங்த் (நீளம்) கேட்டா 'திருகோணமலை'க்கு 10 எண்டு சொல்லும், நாங்கள் வாசிக்கிறது 6 எழுத்து. விசிறி, கொம்பு மாதிரி எழுத்தோட சேருற குறி எல்லாம் தனித்தனி சார் ஆக நிக்கிறதாலதான். கேரக்டர்.இஸ்லெட்டர் (இது எழுத்தா எண்டு பாக்கிறது) உண்மை எண்டு சொல்லுறதை மட்டும் எண்ணினா 6 வரும். 'ஸ்ரீ' மாதிரிக் கூட்டெழுத்துக்கு இது சரிவராது, அதை ரெண்டா எண்ணும். அதுக்குத் தனியா ஒரு இஃப் எழுதவேணும்.