கடவுச்சொல்லை 'மீட்டமைக்க' முடியுமா? ஒரு மாற்றுச் சொல் முன்மொழிவு

வணக்கம் நண்பர்களே,

நம் கணினித் தமிழாக்கக் குழுமத்தின் 'மீட்டமை' இழையில் இதுவரை வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டேன். மறந்துபோன கடவுச்சொல்லுக்குப் பதில் புதியது வைக்கும் பாஸ்வேர்ட் ரீசெட் என்பதற்குக் 'கடவுச்சொல் மீட்டமைப்பு' என்றே இருக்கட்டும், பழகிவிட்டது என்று பலரும் சொல்கிறீர்கள். பத்து நாளுக்கு முன்பு கேட்டிருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். இப்போது மனம் ஒப்பவில்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இங்கே பெங்களூர் அல்சூரில் எங்கள் கீழ்வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். அவரிடம் இருப்பது உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் போட்ட பழைய மேசைக் கணினி, தமிழ் இடைமுகத்தோடு. இரண்டு மாதம் ஊருக்குப் போய்விட்டு வந்ததில் கடவுச்சொல் மறந்துபோய், ஞாயிறு காலை என்னைக் கூப்பிட்டார். வேலை சின்னதுதான். கணினி தொடங்கும்போது ஷிப்ட் விசையை அழுத்திப் பிடித்துத் தொடக்கப் பட்டியலை வரவழைத்தேன். அதில் பழுது பார்ப்பதற்கான ரெக்கவரி முறை, அப்புறம் நிர்வாகி அதிகாரத்தோடு கட்டளை தட்டும் ரூட் முனையம். புதுக் கடவுச்சொல் வைக்கும் கட்டளையைக் கொடுத்ததும் பிழை வந்தது. அந்த நிலையில் வட்டு படிக்க மட்டுமே திறந்திருந்தது. எழுதவும் விடும்படி அதை மறுபடி ஏற்றிய பிறகுதான் கட்டளை ஏற்றுக்கொண்டது. புதுச் சொல்லை இரண்டு முறை தட்டினேன். தட்டும்போது திரையில் ஒரு நட்சத்திரக் குறிகூட விழாது.

"ஒண்ணுமே விழலையே தம்பி" என்று பதறினார். "அப்படித்தாம்மா இருக்கும்" என்றேன். உள்ளே போனதும், "கடவுச்சொல்லை மீட்டமைச்சாச்சும்மா" என்று நம் குழுமச் சொல்லிலேயே சொன்னேன். அவர் மேசை இழுப்பறையைத் திறந்து டைரியை எடுத்தார்.

"மீட்டாச்சுல்ல? சரி, பழசு என்னன்னு சொல்லு, எழுதி வச்சுக்கறேன்."

நாற்பது ஆண்டு தமிழ் வகுப்பு எடுத்தவர் அவர். அவர் புரிந்துகொண்டதில் பிழையே இல்லை. அடகு வைத்த நகையை மீட்டேன் என்றால், வைத்த அதே நகைதான் கைக்கு வருகிறது. நிலத்தை மீட்டாலும் மானத்தை மீட்டாலும் அப்படித்தான். இழந்தது எதுவோ அதுவே திரும்ப வந்தால்தான் மீட்பு. கடவுச்சொல்லில் நடப்பது அதற்கு நேர் எதிரானது. பழையது வரவே வராது, அது போனது போனதுதான்.

ஏன் வராது என்பதையும் சொல்லிவிட வேண்டும், சொல்லின் பொருத்தம் அதில்தான் இருக்கிறது. கணினி நம் கடவுச்சொல்லை அப்படியே எழுதி வைத்துக்கொள்வதில்லை. ஒருவழிக் கணக்கு ஒன்றில் போட்டு அரைத்து, அரைத்ததை மட்டும் வைத்துக்கொள்கிறது. லினக்சில் அது ஷேடோ என்ற கோப்பில் இருக்கும். அடுத்த முறை நாம் தட்டுவதையும் அதேபோல் அரைத்து, இரண்டும் ஒன்றா என்று பார்க்கிறது. அரைத்த மாவிலிருந்து அரிசியைத் திரும்ப எடுக்க முடியாது. நிர்வாகியே வந்தாலும் பழைய சொல் என்ன என்று சொல்ல முடியாது. பழைய மாவைக் கொட்டிவிட்டுப் புது மாவு வைக்கத்தான் முடியும்.

முன்பு இப்படி இல்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1961ல் காட்டப்பட்ட, பலர் ஒரே கணினியைப் பகிர்ந்துகொள்ளும் சி.டி.எஸ்.எஸ். அமைப்பில் கடவுச்சொற்கள் வெறும் எழுத்தாகவே ஒரு கோப்பில் கிடந்தன. ஒரு தடவை அந்தக் கோப்பும் அன்றாட அறிவிப்புக் கோப்பும் இடம் மாறிப்போய், உள்ளே நுழைந்தவர்களின் முனையங்களில் எல்லாருடைய கடவுச்சொல்லும் அச்சானது. 1979ல் கணினி ஆய்வாளர்கள் ராபர்ட் மாரிசும் கென் தாம்சனும் யுனிக்ஸ் இயங்குதளத்தின் கடவுச்சொல் பாதுகாப்பு பற்றி எழுதிய கட்டுரையில் இந்தச் சம்பவமும் வருகிறது, அரைத்து வைக்கும் முறையும் வருகிறது. அந்தப் பழைய கணினியில் வேண்டுமானால் கடவுச்சொல்லை 'மீட்டு'க் கொடுத்திருக்கலாம்.

இப்போது உங்கள் மறுப்புகளுக்கு வருகிறேன்.

> 'மீட்டும்' என்றால் 'மீண்டும்' என்றே பொருள். மீட்டு + அமை = மறுபடி அமை. பிழை எங்கே?

இலக்கணப்படி பிழை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'மீட்டும்' என்று இன்று யாரும் பேசுவதில்லை. 'மீட்ட' என்று காதில் விழுந்ததும் மீட்பு, மீட்புப் பணி, மீட்பர் என்றுதான் மனம் போகிறது. கலைச்சொல் அகராதிக்கு உள்ளே சரியாக இருந்து, திரைக்கு முன்னால் உட்கார்ந்தவருக்குத் தப்பாகப் போனால் என்ன பயன்?

> அப்படியானால் 'கடவுச்சொல்லை மாற்று' என்றே வைத்துவிடலாமே.

இதைத்தான் நான் அதிகம் யோசித்தேன். கூடாது என்பது என் உறுதியான கருத்து. மாற்றுவது வேறு வேலை. பழையது தெரிந்தவர் அதைக் கொடுத்துப் புதியதை வைப்பது மாற்றம். அப்போது பழைய சொல்லால் பூட்டியிருந்த மற்றப் பெட்டிகளையும் கணினி திறந்து, புதுச் சொல்லால் பூட்டிக்கொள்ள முடிகிறது. பழையது தெரியாமல் மேலே புதியதை வைத்தால் அந்தப் பெட்டிகள் பூட்டியது பூட்டியபடியே நிற்கும்.

கீழ்வீட்டிலும் அதுதான் நடந்தது. உள்ளே நுழைந்த உடனே, சாவிக்கொத்து (சேமித்த கடவுச்சொற்களைப் பூட்டி வைக்கும் பெட்டி) இன்னும் திறக்கவில்லை என்று ஒரு சாளரம் வந்து பழைய கடவுச்சொல்லைக் கேட்டது. குரோமில் அவர் சேமித்திருந்த கடவுச்சொற்கள் அந்தச் சாவிக்கொத்தை நம்பித்தான் இருந்தன. கடைசியில் பழைய சாவிக்கொத்துக் கோப்பை ஒதுக்கிவிட்டுப் புதிதாக ஒன்று உருவாக்கினோம். மின்கட்டணத் தளத்திலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகத் திரும்ப நுழைய அவருக்கு அன்று மாலை வரை ஆனது. மேக்கிலும் இதே கதைதான். விண்டோசில் ஒருவருடைய கடவுச்சொல்லை நிர்வாகி இப்படி மாற்றி வைத்தால், அவர் அந்த அமைப்பின் வசதியாலேயே மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்து வைத்த கோப்புகள் கைவிட்டுப் போகலாம். அப்படி ஓர் எச்சரிக்கையும் காட்டும். இரண்டுக்கும் 'மாற்று' என்று ஒரே பொத்தான் வைத்தால் அந்த எச்சரிக்கையை யாரும் நின்று படிக்க மாட்டார்கள்.

சரி, என்ன சொல் வைக்கலாம்? மக்கள் என்ன சொல்கிறார்கள் என்று கவனித்தேன். "பாஸ்வேர்ட் மறந்துபோச்சு, புதுசா போட்டுக் குடு" என்கிறார்கள். இங்கே எஸ்.பி. ரோட்டுக் கணினிக் கடைகளில் கன்னடத்தில் கேட்பவர்களும் "ஹொஸ பாஸ்வேர்ட் ஹாகி கொடி" என்றுதான் கேட்கிறார்கள். ஹாகு என்றால் போடு. கன்னட இடைமுகங்களில் 'மருஹொந்திஸி' என்று இருக்கிறது. அது நம் 'மறு'தான். ஆனால் கடையில் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை. இரண்டு மொழிக்காரர்களுக்கும் வாயில் வருவது 'புதிது', 'போடு' என்ற இரண்டும்தான்.

'போடு' எழுத்து வழக்கில் 'இடு' ஆகும். பெயரிடு, பூட்டிடு, கையொப்பமிடு என்ற வரிசையில் கடவுச்சொல் இடு என்பது இயல்பாக உட்காருகிறது. ஆகவே பொத்தானில் 'புதுக் கடவுச்சொல் இடு' என்று வைக்கலாம். இதற்குப் புதுச்சொல் எதுவும் படைக்கவே வேண்டியதில்லை. பெயர்ச்சொல் தேவைப்படும் இடங்களில் 'கடவுச்சொல் புத்தீடு' என்பது என் முன்மொழிவு. முதலிடு முதலீடு ஆனதுபோல இடு ஈடாகிறது. புத்தாடை, புத்தாண்டு போலப் புது என்பது புத்த் ஆகிறது. 'மறு' சேர்த்துப் பார்த்தேன், 'மறுவிடு' என்று வந்து 'விடு' போல ஒலித்தது, விட்டுவிட்டேன்.

'மீட்டமை'யைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. கைப்பேசியை வாங்கிய நாளின் நிலைக்குக் கொண்டுபோவது உண்மையிலேயே பழைய நிலைக்குத் திரும்புவது. அங்கே அந்தச் சொல் அழகாகப் பொருந்துகிறது. பறிபோன மின்னஞ்சல் கணக்கு திரும்பக் கிடைத்தால் அதுவும் 'கணக்கு மீட்பு'தான், அதே கணக்கு வருகிறது அல்லவா? ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச்சொல் என்று கட்டிப்போட்டதால்தான் இந்தக் குழப்பம் என்று நினைக்கிறேன்.

'புத்தீடு' என்பதைச் சொல்லிப் பார்க்கும்போது நாக்கு தடுக்குகிறதா, 'புதிதிடல்' மேலா என்பதில் எனக்கே முழுத் தெளிவு இல்லை. சொல்லிப் பார்த்து எழுதுங்கள். பொத்தானில் வரும் சொற்களில் மறுப்பு இல்லையென்றால், உள்நுழைவுத் திரையின் மொழிபெயர்ப்பைப் பார்ப்பவர்கள் அதை முதலில் மாற்றிவிடலாம். கூடவே, 'இதன்பின் பழைய சாவிக்கொத்து திறக்காது' என்ற வரியையும் பொத்தானுக்கு மேலேயே வரும்படி கேட்டுப் பார்ப்போம்.

அன்புடன்,
பெங்களூரிலிருந்து