நூபியா உப்பளத்துல ஒரு சாயங்காலம் – சிசிலி அனுபவம்

இத்தாலியோட சிசிலி தீவுக்குப் போறவங்க எல்லாரும் எட்னா எரிமலை, தாவோர்மீனா, பலெர்மோன்னு சுத்திட்டு திரும்பிடறாங்க. மேற்குக் கோடியில திராப்பனி ஊருக்கு தெக்கால நூபியான்னு ஒரு சின்ன உப்பள கிராமம் இருக்கு, பச்சேக்கோ நகராட்சியில வரும், அங்க போன கதையத்தான் எழுதறேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கோங்க.

பலெர்மோல யாழ்ப்பாணத்துக்காரங்க நெறைய பேர் இருக்காங்க, அதுல ஒரு அக்கா வீட்டுலதான் தங்கியிருந்தோம். அவங்க வீட்டு அண்ணன் இருபது வருஷத்துக்கு மேல அங்கயே இருக்கார், இத்தாலியன் மட்டுமில்ல சிசிலிக்காரங்க பேச்சும் அத்துப்படி. ஆகஸ்ட் கடைசி, அவருக்கு லீவு, கார்ல கூட்டிட்டுப் போனார்.

திராப்பனி தாண்டின உடனே ரோட்டோரமா பாத்தி பாத்தியா தண்ணி ஆரம்பிச்சிடுது. முதல்ல சாதா நீலம், அப்புறம் பச்சை, உள்ள போகப் போக ஒரு பாத்தி பூரா ரோஸ் மில்க் கலர். உப்பு ஏற ஏற அதுல வளர்ற ஒரு நுண்பாசியாலதான் அந்தக் கலராம். அதைத் தின்னு பொடிப்பொடியா ஒரு இறால் வளருது, அந்த இறாலத் தின்னுதான் பூநாரைங்க சிவக்குது. 1995ல இருந்து இந்த இடம் இயற்கைக் காப்பகம், கிட்டத்தட்ட 1000 ஹெக்டேர், ஆனாலும் உள்ள உப்பு எடுக்கறது நடந்துட்டேதான் இருக்கு. பறவையும் இருக்கட்டும் பொழப்பும் இருக்கட்டும்னு விட்டது எனக்கு ரொம்பப் பிடிச்சுது.

பழைய கல் வீடு ஒண்ணுல உப்பு மியூசியம் வச்சிருக்காங்க, பக்கத்துலயே காத்தாலை. அங்க ஒரு பெரியவர், எழுபத்தஞ்சு வயசு இருக்கும், சின்ன வயசுல இருந்து உப்பளத்துல வேலை பாத்தவராம். அண்ணன் அவங்க பேச்சுலயே வணக்கம் சொன்னதும் முகம் மலர்ந்துடுச்சு, டிக்கெட் குடுத்து சுத்திக் காட்டறதோட விடாம எங்கள வரப்பு மேலயே கூட்டிட்டுப் போயிட்டார்.

கடலுக்கு ஒட்டுன பெரிய பாத்திக்கு பேர் ஃப்ரித்தா, குளிர்ந்ததுன்னு அர்த்தம். கடல் ஏறும்போது மதகைத் தொறந்து தண்ணிய விடுவாங்க. அங்கிருந்து அடுத்த பாத்திக்கு தண்ணிய ஏத்தத்தான் காத்தாலை, மரச்சட்டத்துல துணி கட்டின இறக்கை, கீழ ஆர்க்கிமிடிஸ் திருகு சுத்தி தண்ணிய மேல தூக்கும். அப்புறம் நடுவுல ஒரு பாத்தி, ருஃபியானான்னு பேர், தரகுக்காரின்னு அர்த்தமாம், இந்தப் பக்கத்துத் தண்ணிய அந்தப் பக்கம் சேத்து வைக்கறதால! அடுத்து காவ்ரா, சூடானது. கடைசியா கசெத்ரி, அதுலதான் உப்பு உறையும். ஒவ்வொரு பாத்தியிலயும் விரல முக்கி நாக்குல வைக்கச் சொன்னார். முதல் பாத்தி சும்மா கடல் தண்ணி, நாலாவதுல தொண்டை வரைக்கும் எரிஞ்சுது.

கடைசிப் பாத்தியோரமா ஒரு குழியில கொஞ்சம் தண்ணி நின்னுது, அதையும் தொட்டுப் பாக்கச் சொன்னார். அய்யோ அது உப்பே இல்ல, கசப்பு, மாத்திரைய கடிச்ச மாதிரி. உப்பு உறைஞ்ச பிறகு மிஞ்சற தண்ணியில மக்னீசியம்தான் ஜாஸ்தி, அதை நேரத்தோட வடிச்சு விடணும், இன்னும் கொஞ்சம் உப்பு வரட்டும்னு ஆசைப்பட்டு விட்டுட்டா அந்தக் கசப்பும் சேந்து உறைஞ்சு மொத்த உப்பும் கெட்டுடும். கடல் தண்ணிய வெயில்ல காய வச்சா உப்புன்னுதான் நான் இத்தன நாள் நெனச்சிட்டிருந்தேன். எப்ப விடணும் எப்ப நிறுத்தணும்ங்கறதுதான் மொத்த வேலையுமே. அவர் ஒரு கல் உப்ப எடுத்து என் உள்ளங்கையில வச்சார், சதுரமா, நடுவுல படிப்படியா குழிஞ்சு, கோயில் குளத்த மேல இருந்து பாக்கற மாதிரி. அவர் விரல் நுனியெல்லாம் வெடிச்சு வெடிச்சு ஆறின தழும்பு.

"இஞ்ச வந்து பாருங்கோ"ன்னு அண்ணன் கூப்பிட்டார். வாரின உப்ப வீட்டுக் கூரை மாதிரி நீளமா குமிச்சு மேல ஓடு அடுக்கியிருந்தாங்க, மண் ஓடு, சுண்ணாம்பு சிமெண்ட் எதுவும் இல்ல, ஒண்ணு மேல ஒண்ணு சொருகினதுதான். மழை வர்றதுக்குள்ள மூடியாகணும். அண்ணன் ஒரு ஓட்ட லேசா தூக்கினார், அடிப்பக்கம் பூரா வெள்ளையா பூத்திருந்துது. ஆனையிறவு உப்பளம் சின்ன வயசுல பாத்ததுன்னார், அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல, கொஞ்ச நேரம் அங்கயே நின்னுட்டிருந்தார்.

பெரியவர் சின்னப் பையனா இருந்தப்ப கூடையில உப்ப அள்ளி தோள்ல தூக்கிட்டு வருவாங்களாம், எத்தன கூடைன்னு ஒருத்தர் பாட்டாவே எண்ணுவாராம். இப்ப கன்வேயர் பெல்ட். 1965 வெள்ளத்துல உப்பளமெல்லாம் சேறாகி பல பேர் தொழிலையே விட்டுட்டாங்கன்னு சொல்லும்போது குரல் கம்மிடுச்சு. இது சாதாரண ஊர் இல்லைங்க, 12ஆம் நூற்றாண்டுலயே அல் இத்ரீசிங்கற அரபு புவியியல் அறிஞர் திராப்பனி வாசல்ல உப்பளம் இருக்குன்னு எழுதி வச்சிருக்கார். இங்கத்த உப்பு நார்வே வரைக்கும் மீன் பதப்படுத்த கப்பல்ல போயிருக்கு. இத்தாலி ஒண்ணான பிறகு உப்பு அரசாங்கத்தோடதுன்னு ஆனப்பக்கூட சிசிலிக்கு மட்டும் விலக்கு இருந்துது.

போறவங்களுக்கு: ஜூலைல இருந்து செப்டம்பருக்குள்ள போங்க, அப்பதான் உப்பு வாருறத பாக்கலாம். மதியம் வேணாம், ஒதுங்க நிழலே கிடையாது, நாலு மணிக்கு மேல போங்க, சூரியன் எகாதி தீவுங்க பக்கம் இறங்கும்போது காத்தாலை நிழல் பாத்தித் தண்ணி மேல நீளமா விழும். கால்ல சின்ன கீறல் இருந்தாக்கூட பாத்தியில கால் வைக்காதீங்க, நான் வச்சு துடிச்சுப் போயிட்டேன். நூபியா சிவப்புப் பூண்டு கெடைச்சா விடாதீங்க, அதோட பாதாம், தக்காளி, துளசி மாதிரி ஒரு இலை சேத்து இடிச்சு பாஸ்தாவுல பிரட்டித் தருவாங்க. கல் உப்பு ரெண்டு கிலோ வாங்கிட்டு வந்தேன், ஒண்ணு அக்கா வீட்டுல குடுத்தாச்சு, இன்னொண்ணுல இந்த வருஷ மாங்கா ஊறிட்டிருக்கு.