மருமகனுக்கு முழங்கை ஜவ்வு கிழிவு: மறுபடியும் பிட்சராக ஆட முடியுமா?

மேலூர் தாய்மாமன்:

அனைவருக்கும் வணக்கம். என் அக்காள் மகனுக்கு 18 வயது. மதுரையில் கல்லூரி முதலாண்டு படிக்கிறான், அங்குள்ள பேஸ்பால் அணியில் பிட்சர், அதாவது பந்து வீசுபவன். சென்ற மாதம் ஒரே நாளில் நடந்த இரண்டு ஆட்டங்களிலும் அவனையே வீசச் சொல்லியிருக்கிறார்கள். அவன் வீசும் பந்தைப் பிடிக்கும் கேட்சர் பையன் சொன்ன கணக்குப்படி 150 பந்துகளுக்கு மேல் வீசியிருக்கிறான். கடைசியில் முழங்கையின் உட்புறத்தில் ‘டப்’பென்று சத்தம் கேட்டதாகவும், அடுத்த பந்து கேட்சர் வரைகூடப் போகாமல் பாதியிலேயே விழுந்ததாகவும் சொல்கிறான்.

நாங்கள் அதைச் சுளுக்கு என்று நினைத்து, பக்கத்து ஊரில் ஒருவரிடம் மூன்று நாள் எண்ணெய் போட்டு நீவிவிட்டோம்; வீக்கம் கூடியதுதான் மிச்சம். பிறகு எடுத்த எம்.ஆர்.ஐ. அறிக்கையில் முழங்கையின் உட்பக்க ஜவ்வு பாதியளவு கிழிந்திருப்பதாக உள்ளது. ஒரு மருத்துவர் ஓய்வே போதும் என்கிறார். இன்னொருவர், ஆபரேஷன் செய்தாலும் விளையாட்டை மறந்துவிட வேண்டியதுதான் என்கிறார். நீரஜ் சோப்ரா முழங்கை ஆபரேஷனுக்குப் பிறகுதானே தங்கம் வென்றார் என்று பையன் எங்களிடம் வாதாடுகிறான். என் அம்மாவுக்கோ, பேரன் இனி ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்க மாட்டானோ என்ற கவலை. விவரம் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

திருநகர் பிசியோ:

ஐயா, முதலில் அம்மாவின் கவலையைப் போக்கிவிடுகிறேன். குடம் தூக்கவும், வண்டி ஓட்டவும், வயல் வேலை பார்க்கவும் இந்த ஜவ்வு பெரிதாகத் தேவைப்படுவதில்லை. தோளுக்கு மேல் கையைக் கொண்டுபோய் வேகமாக எறியும்போது, முன்கை பின்னால் தங்கிவிட மேற்கை முன்னே பாய்கிறது. அந்த நொடியில் முழங்கையின் உட்பக்கம் பிளந்துகொள்ளப் பார்க்கும், அதைப் பிடித்து நிறுத்துவதுதான் இந்த ஜவ்வின் வேலை. கிரிக்கெட் பந்துவீச்சில் முழங்கையை மடக்கி எறிய விதி இடம் தராததால் அங்கே இந்தக் காயம் அரிது. நம் பக்கத்து மருத்துவர்கள் பலர் இதை அதிகம் பார்த்திராததற்கு அதுவும் ஒரு காரணம். ஆகவே தம்பி இனிமேலும் பிட்சராகவே ஆடப்போகிறானா என்பதை முடிவு செய்யாமல் ஆபரேஷனைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

நீரஜ் சோப்ரா கதை இதற்குப் பொருந்தாது. 2019 மே மாதம் அவருக்கு மும்பையில் நடந்தது மூட்டுக்குள் உடைந்து கிடந்த எலும்புத் துண்டுகளை அகற்றும் சிகிச்சை. அதனால்தான் 2020 ஜனவரியிலேயே தென்னாப்பிரிக்காவில் 87.86 மீட்டர் எறிந்து ஒலிம்பிக்குத் தகுதி பெற முடிந்தது. ஜவ்வு மாற்றினால் அந்த வேகத்தில் திரும்ப முடியாது.

பாதிக் கிழிவு என்றால் நான் முதலில் ஓய்வின் பக்கமே நிற்பேன். ஆறு வாரங்களுக்குக் குறையாமல் பந்தையே தொடக்கூடாது; அதற்குள் தோள், தோள்பட்டை எலும்பைச் சுற்றியுள்ள தசைகள், இடுப்பு, முன்கை ஆகியவற்றை வலுவாக்க வேண்டும்; வலி முற்றிலும் போன பிறகு பத்தடி, இருபதடி என்று எறிந்து பார்க்க வேண்டும். மூன்று மாதங்களில் கை ஒத்துழைக்கவில்லையென்றால் அப்போது அறுவை சிகிச்சையைப் பற்றி யோசிக்கலாம். ஜவ்வு எலும்போடு ஒட்டும் முனையில் கிழிந்திருக்கிறதா, நடுவில் கிழிந்திருக்கிறதா என்பதை அறிக்கையில் பாருங்கள். முனையில் மட்டும் என்றால் சிலருக்கு மாற்று ஜவ்வு வைக்காமல், நாடா போன்ற ஒன்றைத் துணைக்கு வைத்துத் தைத்துவிடுகிறார்கள், அவர்கள் விரைவில் திரும்புகிறார்கள்.

ஒன்று கேட்க வேண்டும்: மோதிர விரலும் சுண்டுவிரலும் மரத்துப்போகின்றனவா? அப்படியானால் பக்கத்தில் ஓடும் நரம்பும் தொந்தரவுக்கு உள்ளாகியிருக்கலாம், உடனே காட்டுங்கள். நீவுவதை மட்டும் தயவுசெய்து இத்தோடு நிறுத்துங்கள்.

திருமங்கலம் பழைய பிட்சர்:

மேலே சொன்னதில் எனக்கு மாறுபாடு இல்லை. ‘மறந்துவிடுங்கள்’ என்று சொன்னவருக்காக மட்டும் எழுதுகிறேன். 1974 வரை அது சரியான பேச்சு. அந்த ஆண்டு அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் அணியின் பிட்சர் டாமி ஜானுக்கு, டாக்டர் ஃபிராங்க் ஜோப் முன்கையிலிருந்து ஒரு தசைநாணை (தசையை எலும்போடு இணைக்கும் நாரை) எடுத்து முழங்கையில் ஜவ்வாகப் பொருத்தினார். நூற்றில் ஒரு வாய்ப்புதான் என்று மருத்துவரே கணித்திருந்தார். ஆனால் டாமி ஜான் 1976இல் திரும்பி வந்து, 46 வயது வரை ஆடி, ஆபரேஷனுக்குப் பிறகு மட்டும் 164 ஆட்டங்களை வென்றார். இன்று அமெரிக்காவின் மேஜர் லீக்கில் இதைச் செய்துகொள்ளும் பிட்சர்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் அதே நிலைக்குத் திரும்புகிறார்கள்.

ஆனால் அந்தக் கணக்கை அப்படியே மதுரைக்குக் கொண்டுவந்துவிடக் கூடாது. அவர்களுக்குப் பக்கத்திலேயே நாள் முழுக்கப் பயிற்சியாளர் இருக்கிறார். மெல்ல எறியத் தொடங்கவே நான்கைந்து மாதங்கள் ஆகும். போட்டியில் வீச 12 முதல் 18 மாதங்கள். பந்தும் வீசி மட்டையும் பிடிக்கும் ஜப்பானிய வீரர் ஓடானி 2023 செப்டம்பரில் இரண்டாவது முறையாக முழங்கையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். 2024இல் மட்டையை மட்டும் பிடித்து 54 ஹோம் ரன் அடித்தார். மறுபடி வீசியது 2025 ஜூனில்தான். கல்லூரிப் படிப்பு மூன்றாண்டு என்பதால், ஆபரேஷன் என்றாகிவிட்டால் பையனுக்கு மிஞ்சுவது கடைசி ஆண்டு மட்டுமே என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கோபம் வருவது அந்த 150 பந்துகளைப் பற்றித்தான். அமெரிக்கப் பரிந்துரைப்படி 17, 18 வயதுக்காரர்களுக்கு ஒரு நாளைக்கு 105 பந்துகள்தான் உச்சவரம்பு; 80ஐத் தாண்டினாலே நான்கு நாள் ஓய்வு. கை சோர்ந்த பிறகும் அடிக்கடி வீசிய இளம் பிட்சர்கள் அறுவை சிகிச்சை வரை போகும் வாய்ப்பு, மற்றவர்களைவிட 36 மடங்கு என்று அலபாமாவில் நடந்த ஓர் ஆய்வு கண்டது. நம்மூரில் அணிக்கு ஒரே பிட்சர், அவன் தோளில்தான் கோப்பை. நானும் அப்படித்தான் வீசினேன். வலிக்கிறது என்று சொன்னால் அடுத்த ஆட்டத்தில் உட்கார வைத்துவிடுவார்களோ என்று சொல்லாமலே இருந்தேன். தம்பி சென்ற மாதத்துக்கு முன்பே வலியை மறைத்தானா என்று தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

திருநகர் பிசியோ:

ஒன்று விட்டுவிட்டேன். மாற்று ஜவ்வு எடுக்கும் தசைநாண் எல்லோருக்கும் இருப்பதில்லை. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து வைத்துக்கொண்டு மணிக்கட்டைச் சற்று உள்ளே மடக்கச் சொல்லுங்கள். நடுவில் கயிறு போல எழும்பினால் இருக்கிறது. இல்லாவிட்டாலும் பயமில்லை, தொடையின் பின்பக்கத்திலிருந்து எடுப்பார்கள்.

மேலூர் தாய்மாமன்:

இருவருக்கும் நன்றி. அறிக்கையை மறுபடி பார்த்தோம். மேல்முனையில் கிழிவு என்று இருக்கிறது. விரல்கள் மரப்பது உண்மைதானாம், இரவில் மட்டும் என்பதால் சொல்லவில்லையாம். தீபாவளிக்கு முன்பிருந்தே வலித்திருக்கிறது. அவன் அம்மாவுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. மூன்று மாதம் பந்தைத் தொடுவதில்லை என்று ஒப்புக்கொண்டிருக்கிறான், நரம்புக்குத் திங்கட்கிழமை காட்டப்போகிறோம்.

மணிக்கட்டை மடக்கிப் பார்த்ததில் இடக்கையில் கயிறு தெரிகிறது, வலக்கையில் தெரியவில்லை. வீட்டில் எல்லோரும் மடக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். என் அம்மாவுக்கு இரண்டு கையிலும் இருக்கிறது. வேண்டுமானால் தன்னுடையதை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்.