பிள்ளைகள் வீட்டில் டிபன் கடை போடுகிறார்கள்: 12 பேருக்கு எப்படித் திட்டமிடுவது?

கேள்வி: வாசத்திண்ணை

வர்ற ஞாயிறு சாயங்காலம் 5 மணிக்கு வீட்டு ஹாலில் பிள்ளைகள் மூணு பேரும் (வயசு 11, 9, 6) டிபன் கடை நடத்தப் போகிறார்கள். தாத்தா, பாட்டி, அத்தை குடும்பம், பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று 12 பேர் வருவார்கள். தோசை, பூரி, நூடுல்ஸ், ஐஸ்கிரீம் என்று மெனுவில் 11 அயிட்டம் எழுதி ஒட்டியாச்சு. சமையலறையில் நிற்கப் பெரியவர் ஒரே ஒருத்தர்தான். எதை வைக்கலாம், எதை எடுக்கலாம்? யாருக்கு என்ன வேலை? காசு நிஜமா, விளையாட்டுக் காசா?

பதில் 1: கரண்டிக்காம்பு

11 அயிட்டத்தை 4 ஆக்குங்க. பொடி இட்லி, கொண்டைக்கடலைச் சுண்டல், இனிப்பு அவல், எலுமிச்சை ஜூஸ். கடை திறந்த பிறகு அடுப்பே எரியக் கூடாதுங்கிறதுதான் கணக்கு. ஒரு கல்லுல ஒரு தோசைக்கு இரண்டரை நிமிஷம் ஆகும். ஆளுக்கு 2 போட்டா 24 தோசை, முழுசா ஒரு மணி நேரம். அதுவரைக்கும் பிள்ளைங்க கைய கட்டிட்டு நிக்கணும். பூரிச் சட்டியைப் பத்திப் பேசவே வேணாம்.

இட்லி: ஆளுக்கு 2, மொத்தம் 24. ஒன்றேகால் கிலோ மாவு போதும். 3 மணிக்கே அவிச்சு எடுத்து, நல்லா ஆறின பிறகு நாலு நாலா வெட்டுங்க. சூட்டோட வெட்டினா கத்தியில ஒட்டிப் பிசுபிசுன்னு போயிடும். 5 மேசைக்கரண்டி பொடியை அதே அளவு நல்லெண்ணெயில குழைச்சுட்டுப் பிரட்டணும். வெறும் பொடியை மேல தூவினா ஒரு துண்டுல அப்பிக்கும், இன்னொண்ணு வெள்ளையாவே நிக்கும். மூடி வைங்க, இல்லேன்னா காய்ஞ்சிடும்.

சுண்டல்: கால் கிலோ கடலை ஊறினா கிட்டத்தட்ட ரெட்டிப்பாகும், 12 சின்னக் கிண்ணத்துக்குச் சரியா இருக்கும். சனிக்கிழமை ராத்திரியே ஊறப்போடணும். மறந்துட்டா பாசிப்பயறுக்கு மாறிடுங்க, 3 மணி நேரம் ஊறினா போதும். தாளிக்கிறது பெரியவர் வேலை. தேங்காய்த் துருவலைப் பரிமாறும்போதுதான் சேர்க்கணும். மத்தியானமே கலந்து வச்சா வெயிலுக்குச் சாயங்காலம் ஊசிடும். சட்னி வேணாம்னு சொல்றதும் இதனாலதான்.

அவல்: கெட்டி அவல் 300 கிராம், நாட்டுச் சர்க்கரை 150 கிராம், அரை மூடித் தேங்காய். அவல் 10 நிமிஷம் ஊறினா போதும், மேல போனா கூழ். மெல்லிய அவல்னா அலசி உடனே வடிச்சிடணும். ஆறு வயசுக்காரர் கையாலயே கலக்கலாம்.

ஜூஸ்: 6 பழம், 1.8 லிட்டர் தண்ணி, 180 கிராம் சர்க்கரை, ரெண்டு சிட்டிகை உப்பு. 150 மில்லி வீதம் 12 டம்ளர். தோலோட சேர்த்து நசுக்கினா கசக்கும். விதை உள்ள கிடந்தாலும் அப்படித்தான். கடை திறக்குறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி பிழிஞ்சா போதும்.

பதில் 2: கல்லாப்பக்கம்

12 பேரையும் ஒரே நேரத்தில் உட்கார வைக்காதீர்கள். கல்யாண வீட்டு வழக்கமே நல்லது: பந்திக்கு 4 பேர், 5, 5.30, 6 என்று மூன்று பந்தி. வேலையும் மூன்று: மாஸ்டர், சப்ளையர், கல்லா. பந்திக்குப் பந்தி மாற்றினால் மூன்று பிள்ளைகளும் மூன்று வேலையும் பார்த்துவிடலாம். கல்லாவுக்கு நடக்கும் சண்டையும் ஓயும். சின்னவர் மாஸ்டராகும்போது கத்தி வேண்டாம். ஒரு குழிக்கரண்டி ஒரு பிளேட் என்று அளவு மட்டும் சொல்லிக் கொடுங்கள்.

எழுத வராத பிள்ளைக்காக ஆர்டர் சீட்டில் நான்கு படம் வரைந்து, பக்கத்தில் கோடு போடக் கட்டம் விடுங்கள். ஆளுக்கு ஒன்று, 12 சீட்டோடு 6 கூடுதல். சப்ளையர் கோடு போட்ட சீட்டைச் சமையலறை வாசலில் கட்டிய கயிற்றில் கிளிப்பால் மாட்டுவார். மாஸ்டர் இடது ஓரத்திலிருந்து எடுப்பார். தட்டு போகும்போது சீட்டும் கூடவே போய்க் கல்லாவில் முடியவேண்டும். சீட்டு கயிற்றிலேயே தங்கினால் அதே ஆர்டர் இரண்டாம் முறையும் வெளியே வரும். பாதிக் குழப்பம் இங்கேதான்.

காசு: நிஜ ரூபாய் வேண்டாம். யாராவது ஒரு மாமா 500 ரூபாய்த் தாளை நீட்டி "மிச்சத்தை வச்சுக்கோ" என்பார். கணக்கு அங்கேயே முடிந்தது. புளியங்கொட்டை 1, சோழி 5 என்று வையுங்கள். இட்லி 8, சுண்டல் 5, அவல் 4, ஜூஸ் 3. நான்கும் சேர்ந்தால் 20. உணவகத்துக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. போட்டால் 21. ஆளுக்கு 5 சோழி கொடுத்து அனுப்பினால், பெரிய பில்லுக்கு மீதி 4 கொட்டை. 20க்குக் குறைந்த பில்லுக்கு வரி இல்லை என்று கடையே சட்டம் போட்டுக்கொள்ளட்டும். இல்லாவிட்டால் பின்னத்தில் மாட்டிக்கொள்வார்கள். கிளம்பும்போது மீதியைத் திரும்ப வாங்கிவிட்டால் மூன்று பந்திக்கும் 20 சோழி, 20 கொட்டையே போதும். கைக்குழந்தை வந்தால் மட்டும் இரண்டையும் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

பதில் 3: நுனியிலை

மேலே சொன்னதெல்லாம் சரி. சின்னவர் சப்ளையராக வரும் பந்தி மட்டும் கவனம். தட்டில் இரண்டு டம்ளருக்கு மேல் வேண்டாம், அதுவும் முக்கால் அளவு. தட்டில் ஈரத்துணி விரித்தால் எவர்சில்வர் டம்ளர் வழுக்காது.

இலை போட்டால் நுனி சாப்பிடுபவரின் இடது பக்கம். பிள்ளைகள் எதிரில் நின்று போடுவதால் மாற்றிப் போட்டுவிடுவார்கள்; "உன் வலது கைப் பக்கம் நுனி" என்று சொல்லிக் கொடுங்கள்.

வருகிறவர்களில் ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லி "ஒரு இட்லி பார்சல்" கேட்கச் சொல்லுங்கள், இன்னொருவர் "உப்பு கம்மி" என்று குறை சொல்லட்டும். விளையாட்டு அங்கேதான் சூடுபிடிக்கும். பார்சலுக்கு வாழையிலை, செய்தித்தாள் கூடாது, அச்சு மை எண்ணெயில் இறங்கும்.

வாசத்திண்ணை

நன்றி. யாராவது இன்னொரு பிளேட் இட்லி கேட்டால்?

கரண்டிக்காம்பு

24ல மிச்சமே இருக்காது. "தீர்ந்துபோச்சு"ன்னு பலகையில அடிக்கிறதும் கடை வேலைதான், தாராளமா அடிக்கட்டும். ஆனா மாவை ஒன்றரைக் கிலோவா வாங்குங்க. 30 வரும். கடைக்காரங்க மூணு பேருக்கும் 6.30க்குப் பசிக்கும், அந்த 6 இட்லியை முதல் பந்திக்கு முன்னாடியே தனியா எடுத்து மூடி வச்சிடுங்க.