ஜிம்மில் அசைவுப் பரிசோதனை செய்து 21க்கு 12 என்றார்கள், ஓடத் தொடங்கலாமா?

மெதுஓட்டம்:

வயது 43. வேலை முழுக்க நாற்காலியில்தான். ஓட்டம் பழக வேண்டும், கூடவே கொஞ்சம் எடையும் தூக்க வேண்டும் என்று ஜிம்மில் சேர்ந்தேன். முதல் நாளே அசைவுப் பரிசோதனை என்று உட்கார வைத்துவிட்டார்கள். கம்பைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு முழுதாகக் குந்தச் சொன்னார்கள், கட்டியிருந்த கயிற்றைத் தாண்டச் சொன்னார்கள், மல்லாந்து படுத்து ஒரு காலை மட்டும் மடக்காமல் தூக்கச் சொன்னார்கள், இப்படி ஏழு வகை. எல்லாம் முடிந்து 21க்கு 12. 14 அல்லது அதற்குக் கீழே எடுத்தால் காயம் வருவது நிச்சயம் என்கிறார் பயிற்சியாளர். போதாததற்கு இடது கால் அரை சென்டிமீட்டர் குட்டை, பாதம் தட்டை, குந்தும்போது முழங்கால்கள் உள்ளே சாய்கின்றன என்று ஒரு பட்டியல். மூன்று மாதம் திருத்தப் பயிற்சி (அதற்குத் தனிக் கட்டணம்), காலணிக்குள் வைக்க விசேஷமாக ஒரு அட்டை. அதுவரை ஓடவும் கூடாது, எடையைத் தொடவும் கூடாதாம்.

இப்போது பெரிய வலி எதுவும் இல்லை. மாடிப்படி இறங்கும்போது வலது முழங்கால் எப்போதாவது லேசாக உறுத்தும், அவ்வளவுதான். பல வருடம் முன்பு வலது கணுக்கால் மோசமாகச் சுளுக்கியது. இந்த ஸ்கோரை நம்பி மூன்று மாதம் காத்திருக்க வேண்டுமா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிசியோபக்கம்:

நான் பிசியோதெரபிஸ்ட். உங்களை நேரில் பார்க்காமல் உங்கள் முழங்காலைப் பற்றித் தீர்ப்பு சொல்ல மாட்டேன், ஆனால் அந்த 14 பற்றிச் சொல்லலாம்.

உங்களுக்குச் செய்தது கிரே குக், லீ பர்ட்டன் இருவரும் உருவாக்கிய பரிசோதனை. ஏழு அசைவுகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், வலி வந்தால் அதற்குப் பூஜ்யம். 14 என்ற எல்லைக்கோடு தொழில்முறை அமெரிக்கன் ஃபுட்பால் (நம் கால்பந்து அல்ல, ரக்பி மாதிரி) அணி ஒன்றில் செய்து 2007இல் வெளியான சிறிய ஆய்வில் இருந்து வந்தது. ஒருவரையொருவர் மோதித் தள்ளுவதையே வேலையாக வைத்திருக்கும் ஆட்களிடம் எடுத்த எண் அது. நாற்காலியில் இருந்து எழுந்து மெதுவாக ஓடப் போகும் 43 வயதுக்காரருக்கு அதை அப்படியே பொருத்துவது எப்படிச் சரியாகும்? பிறகு வந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், யாருக்குக் காயம் வரும் என்று அந்த மொத்த ஸ்கோரால் சொல்ல முடியவில்லை. இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. தீயணைப்பு வீரர்களிடம் முதலில் சாதாரணமாகச் சோதித்துவிட்டு, எதற்கு எப்படி மதிப்பெண் போடுகிறோம் என்று விளக்கிவிட்டு மறுபடி செய்யச் சொன்னார்கள். சில நிமிடங்களிலேயே ஸ்கோர் ஏறிவிட்டது. அந்த சில நிமிடங்களில் யாருடைய மூட்டும் தசையும் மாறியிருக்காது இல்லையா.

ஏன் இப்படி ஆகிறது என்று ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பாருங்கள். 100 பேர் ஓட வருகிறார்கள், ஒரு வருடத்தில் அதில் 20 பேருக்குக் காயம் வரப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சோதனை அந்த 20 பேரில் 10 பேரைச் சரியாகப் பிடிக்கிறது, காயம் வராத 80 பேரில் 24 பேரையும் தவறாகப் பிடிக்கிறது. ஆக 34 பேர் 'ஆபத்து' பட்டியலில், அதில் காயம் வந்தது 10 பேருக்கு. பட்டியலில் இல்லாத 66 பேரிலும் 10 பேருக்குக் காயம். பட்டியலில் இருப்பவருக்கு ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று கட்டுரை எழுதலாம், அதில் பொய்யும் இல்லை. ஆனால் உங்களை எதிரே உட்கார வைத்து 'உனக்கு நிச்சயம் வரும்' என்று சொல்ல அது போதவே போதாது, ஏனென்றால் பிடிபட்ட 34 பேரிலேயே 24 பேருக்கு ஒன்றும் ஆகவில்லை. நார்வேயின் விளையாட்டு மருத்துவர் ரோல்ட் பார் 2016இல் இதைத்தான் எழுதினார். காயத்தை முன்கூட்டியே கணிக்கும் சோதனைகள் வேலை செய்வதில்லை, இனியும் அநேகமாகச் செய்யாது என்று தலைப்பிலேயே போட்டார்.

மொத்த ஸ்கோரை விடுங்கள். அதற்குள் எங்காவது பூஜ்யம் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் குறைந்து 12 வந்தால் அது விறைப்பான உடம்பு, அவ்வளவுதான். ஏதாவது ஒரு அசைவில் வலித்து 12 வந்திருந்தால் அந்த வலியை யாராவது முறையாகப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே எண், விஷயம் வேறு வேறு.

குதிகால்_தேய்ந்தவன்:

அட்டை வாங்காதீர்கள் சகோ. டென்மார்க்கில் புதிதாக ஓட வந்த 927 பேருக்குப் பாதத்தின் வகை பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே சாதாரண ஷூ கொடுத்து ஒரு வருடம் கவனித்தார்கள். பாதம் உள்பக்கம் சாய்கிறவர்களுக்குக் காயம் கூடுதலாக வரவில்லை. அப்புறம் அரை சென்டிமீட்டர் குட்டை என்பதெல்லாம் ஒரு குறையா? எக்ஸ்ரே எடுத்து அளந்தால் மனிதர்களில் பெரும்பாலோருக்கு இரண்டு காலும் சமமாக இருக்காது, சராசரி வித்தியாசமே 5 மில்லிமீட்டர்தான். டேப்பை வைத்து அளந்தால் டேப் நழுவுவதிலேயே அவ்வளவு வித்தியாசம் வந்துவிடும்.

களப்பயிற்சி:

பிசியோபக்கம் சொன்னதில் பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் இதைப் படித்துவிட்டு எந்தச் சோதனையும் வேண்டாம் என்று கிளம்பிவிடுவார்கள், அங்கேதான் எனக்குச் சிக்கல். நான் பயிற்சி கொடுப்பவன், புதிதாக வருகிற ஒவ்வொருவரையும் சோதிக்கிறேன். ஜோசியம் சொல்வதற்காக அல்ல, எங்கே இருந்து தொடங்குவது என்று தெரிய வேண்டும், இரண்டு மாதம் கழித்து ஏதாவது மாறியதா என்றும் தெரிய வேண்டும்.

உங்கள் விஷயத்தில் எனக்குக் கண்ணில் படுவது அந்தப் பழைய சுளுக்கு. ஒரு முறை சுளுக்கிய கணுக்கால் மறுபடி சுளுக்க வாய்ப்பு அதிகம், இதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. இதை வீட்டிலேயே பார்க்கலாம். சுவரைப் பார்த்து நின்று, குதிகாலைத் தரையில் இருந்து எடுக்காமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள். தொட முடிகிற வரை பாதத்தைப் பின்னால் நகர்த்திக்கொண்டே போய், கட்டை விரல் நுனிக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். பத்து சென்டிமீட்டர் வாக்கில் வந்தால் நன்று. ஒவ்வொரு சென்டிமீட்டரும் கணுக்கால் மடங்குவதில் சுமார் மூன்றரை டிகிரி. வலது பக்கம் இடதைவிட இரண்டு மூன்று சென்டிமீட்டர் குறைந்தால் அந்தச் சுளுக்கு விட்டுப்போன விறைப்பாக இருக்கலாம்.

குந்தும்போது முழங்கால் உள்ளே போவதற்கும் இது காரணமாக இருக்கக்கூடும். குதிகாலுக்கு அடியில் ஒரு பலகைத் துண்டை வைத்து மறுபடி குந்திப் பாருங்கள். உடனே நேராகிவிட்டால் தடை கணுக்காலில்தான், இடுப்பில் தேட வேண்டாம். அப்படியும் மாறவில்லை என்றால் இடுப்புத் தசையின் பலம், அல்லது வெறும் பழக்கமின்மை. தொடை எலும்பின் நீளமும் இடுப்புக் குழியின் ஆழமும் ஆளுக்கு ஆள் வேறு, சிலருக்கு அந்த முழுக் குந்தல் எத்தனை வருடம் திருத்தினாலும் படத்தில் இருப்பது போல வராது, வர வேண்டிய அவசியமும் இல்லை.

அடுத்தது ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்குவது. இருபது வரை போக முடிகிறதா, இரண்டு காலும் ஒரே எண்ணிக்கை வருகிறதா என்று பாருங்கள். ஓட்டம் என்பது ஒற்றைக் காலில் மாறி மாறி இறங்குவதுதானே, கெண்டைக்காலில் பலம் இல்லாமல் ஓடத் தொடங்குகிறவர்கள்தான் குதிகால் தசைநாண் வலி என்று வந்து நிற்கிறார்கள். அந்த ஏழு அசைவில் இதற்கு ஒன்றுமே இல்லை என்பது எனக்கு எப்போதும் புரியாத விஷயம்.

பிசியோபக்கம்:

களப்பயிற்சி, உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. தொடக்க நிலையைத் தெரிந்துகொள்வது வேறு, மதிப்பெண் போட்டு ஓடக் கூடாது என்று தடுப்பது வேறு. யாரையும் வடிகட்டாமலேயே காயத்தைக் குறைக்க முடியும் என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. 2008இல் வெளியான ஓர் ஆய்வில், நார்வேயில் கால்பந்து ஆடும் 1,800க்கும் மேற்பட்ட பெண் பிள்ளைகளிடம் 20 நிமிட வார்ம் அப் ஒன்றைச் சோதித்தார்கள், இப்போது ஃபிஃபா 11+ என்று எல்லாரும் சொல்வது அதுதான். ஓட்டம், பலம், சமநிலை, குதித்து இறங்குவது எல்லாம் கலந்தது. செய்த அணிகளில் மொத்தக் காயங்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. முழங்கால் உள்ளே போகிறவள் யார், போகாதவள் யார் என்று யாரும் பிரிக்கவில்லை, எல்லாரும் செய்தார்கள்.

ஏசிஎல்_இடது:

ஒரு விஷயத்தைச் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் என்னைப் போன்றவர்கள் தப்பாக எடுத்துக்கொள்வார்கள். எனக்கு முழங்காலில் ஜவ்வு கிழிந்து அறுவை சிகிச்சை ஆனது. அந்த நிலையில் சோதனை என்பது விளையாட்டல்ல. தொடைத் தசையின் பலத்தைக் கருவியில் அளந்து, ஒற்றைக் காலில் தாண்டும் தூரத்தை அளந்து, நல்ல காலோடு ஒப்பிட்டு 90 சதவீதமாவது வந்த பிறகுதான் என்னை ஆட்டத்துக்குள் விட்டார்கள். ஒன்பது மாதத்துக்கு முன்பு திரும்புகிறவர்களுக்கு மறுபடி காயம் அதிகம் என்பதையும் சொல்லித்தான் காத்திருக்க வைத்தார்கள். காத்திருப்பது எரிச்சல்தான், ஆனால் அதற்கு ஒரு காரணம் இருந்தது. கேள்வி கேட்டவருக்கு அப்படி ஒன்றும் இல்லை, அவர் எதற்குக் காத்திருக்க வேண்டும்?

அமைதியானவள்:

எல்லாரும் முழங்காலையும் கணுக்காலையும் பேசுகிறீர்கள், 43 வயதில் பல வருடம் அசையாமல் இருந்துவிட்டு ஓடப் போகிறவரிடம் நெஞ்சைப் பற்றி யாருமே கேட்கவில்லை. உழைத்தால் நெஞ்சில் வலியோ அழுத்தமோ வருகிறதா, மயக்கம் வந்திருக்கிறதா, கொஞ்சம் நடந்தாலே மூச்சு வாங்குகிறதா, ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயம், சிறுநீரகம் என்று ஏதாவது உண்டா, மாத்திரை எடுக்கிறாரா? அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி (ACSM, பெயரில்தான் கல்லூரி, அது ஒரு தொழில்முறை அமைப்பு) 2015இல் திருத்திய வழிமுறை இதைத்தான் முதலில் கேட்கிறது: இப்போது உடற்பயிற்சி செய்கிறீர்களா, அறிகுறி அல்லது தெரிந்த நோய் உண்டா, எவ்வளவு கடுமையாகச் செய்யப் போகிறீர்கள். அறிகுறி எதுவும் இல்லை, நோயும் இல்லை என்றால் லேசாகவோ மிதமாகவோ தொடங்க டாக்டர் சீட்டு தேவையில்லை. இருந்தால் ஷூ மாட்டுவதற்கு முன் டாக்டர். ஜிம்மில் இதைக் கேட்டார்களா?

மெதுஓட்டம்:

கேட்கவில்லை. கையெழுத்து மட்டும் வாங்கினார்கள், காயம் பட்டால் அவர்கள் பொறுப்பில்லை என்று. நீங்கள் சொன்ன அறிகுறிகள் எதுவும் இல்லை, போன மாதம் பார்த்தபோது ரத்த அழுத்தமும் சர்க்கரையும் சரியாக இருந்தன. ஏழு அசைவில் பூஜ்யம் இல்லை, எல்லாம் 1, 2. சுவர்ச் சோதனை செய்தேன்: இடது 11, வலது 7. குதிகால் உயர்த்துவது இடதில் 18, வலதில் 11க்கு மேல் போகவில்லை. இனி என்ன செய்வது?

களப்பயிற்சி:

இந்த நான்கு எண்களும் அந்த 12ஐவிட உங்களைப் பற்றி அதிகம் சொல்கின்றன. நாளைக்கே தொடங்கலாம். அரை மணி நேரம் வேகமாக நடந்து சிரமம் இல்லை என்றால், ஒரு நிமிடம் மெதுவாக ஓடி இரண்டு நிமிடம் நடப்பது, வாரம் மூன்று நாள், நடுவில் ஒரு நாள் இடைவெளி. பேசிக்கொண்டே ஓட முடிய வேண்டும். ஓடாத நாட்களில் இரண்டு நாள் பலப் பயிற்சி: படியில் நின்று குதிகால் உயர்த்துவது (வலதுக்கு ஒரு சுற்று கூடுதலாக), நாற்காலி உயரத்துக்குக் குந்துவது, ஒரு காலால் மெதுவாகப் படி இறங்குவது. பல் துலக்கும்போது வலது காலில் மட்டும் நில்லுங்கள், சமநிலைக்கு வேறு கருவி வேண்டாம். கணுக்கால் விறைப்புக்கு அதே சுவர்ச் சோதனையையே பயிற்சியாகச் செய்யலாம்.

பிசியோபக்கம்:

இதோடு வலிக்கு ஒரு அளவுகோல் வைத்துக்கொள்ளுங்கள். பத்துக்கு இரண்டு மூன்று அளவில் முழங்கால் உறுத்தி, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அதே அளவில் தொடரலாம். காலையிலும் இருந்தால் அடுத்த முறை குறையுங்கள். வீங்கினாலோ, நொண்ட வேண்டி வந்தாலோ, மூட்டு சட்டென்று மடங்கிவிட்டாலோ ஓட்டத்தை நிறுத்திவிட்டு நேரில் காட்டுங்கள். அந்த 11, 7, 18, 11ஐ எங்காவது எழுதி வைத்து, ஆறு வாரம் கழித்து மறுபடி அளந்து இங்கே போடுங்கள், பார்ப்போம்.